மாநில முத்திரை யாரைக் காப்பாற்றியது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உள்ளூரில் செய்து உள்ளூரிலேயே விற்கும் துப்பாக்கிக்கு மத்திய அரசின் சட்டம் பொருந்தாது என்று அமெரிக்க மாநிலங்கள் சட்டம் போட்டது மக்களுக்குக் காவலா, கண்ணியா? கண்ணிதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மொன்டானாவைப் பெருமையாகச் சொன்னார். 2009-ல் அங்கேதான் இது தொடங்கியது. துப்பாக்கியின் உலோகப் பாகத்தில் 'மேட் இன் மொன்டானா' என்று பொறித்து, மாநில எல்லைக்குள்ளேயே வைத்துக்கொண்டால் போதும், மத்திய அரசின் பதிவு வேண்டாம் என்றார்கள். எல்லை தாண்டாத பொருளில் வாஷிங்டனுக்கு என்ன வேலை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓஹியோ விவசாயி ஒருவர் தன் பண்ணைத் தேவைக்கு விளைவித்த கோதுமைக்குக்கூட மத்திய அரசு வரம்பு போடலாம் என்று 1942-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, 2005-ல் கலிஃபோர்னியாவில் வீட்டில் வளர்த்த கஞ்சாவுக்கும் அதே கதிதான். கோதுமைத் தீர்ப்பு எனக்கே கொஞ்சம் அதிகப்படியாகத்தான் படுகிறது. அதை மாற்ற வேண்டுமானால் நீதிமன்றத்தில் மோதுங்கள், சாதாரண மனிதனை முன்னால் நிறுத்தாதீர்கள்!

கான்சஸில் என்ன நடந்தது? 2013-ல் அங்கேயும் இதே மாதிரி சட்டம். இது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் கான்சஸ் கவர்னர் சாம் பிரவுன்பேக்குக்குக் கடிதமே எழுதினார், மாநிலம் அசையவில்லை. அப்புறம் ஷனூட் என்ற சின்ன ஊரில், ராணுவச் சாமான் விற்கும் கடையில் ஒரு முன்னாள் ராணுவ வீரர் உள்ளூரில் செய்த, துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் ஒன்றை வாங்கினார். 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை மத்திய அரசிடம் பதிந்திருக்க வேண்டும். மாநிலச் சட்டம் துணை இருக்கிறது என்று நம்பி அவர் பதியவில்லை, சந்தோஷத்தில் ஃபேஸ்புக்கில் வீடியோவும் போட்டார். ஒளித்து வைக்க நினைப்பவர் செய்கிற வேலையா அது? விற்றவர், வாங்கியவர் இரண்டு பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மாநிலச் சட்டத்தை நம்பினோம் என்ற வாதம் எடுபடவில்லை. மேல்முறையீட்டில் மாநில அரசே வந்து வாதாடியும் 2018-ல் தோல்விதான். இந்த மாதிரிக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய சட்டம். எந்த உரிமையைக் காப்பதாகச் சொன்னார்களோ, அதுவே போனது.

மாநிலத்துக்கு வேறு வழியே இல்லையா என்று எதிரணி கேட்கும். இருக்கிறது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை மத்திய அரசுக்காக நான் ஏன் விசாரிக்க வேண்டும் என்று மறுத்தவர் அதே மொன்டானாவின் உள்ளூர் காவல் தலைவரான ஷெரிஃப் ஜே பிரின்ட்ஸ், 1997-ல் உச்ச நீதிமன்றத்திலேயே ஜெயித்தார். 'எங்கள் போலீஸ் உங்களுக்கு வேலை செய்யாது' என்று மாநிலம் சொல்லலாம். 'உன்னை அவர்கள் பிடிக்க முடியாது' என்று குடிமகனிடம் சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது.

மொன்டானா சட்டத்தை எழுதிய கேரி மார்பட்டே, தான் நினைத்த சிறிய ரைஃபிளைச் செய்து விற்கும் முன் வழக்குத்தான் போட்டார். 2013-ல் மேல்முறையீட்டில் தோற்றார், ஆனால் யாரும் கைதாகவில்லை. முதலில் நீதிமன்றத்தில் கேட்டுப் பார்க்கும் அந்த எச்சரிக்கை அவருக்குத் தெரிந்திருந்தது, ஷனூட் கடைக்குப் போனவருக்கு அதை யார் சொன்னார்கள்? எதிரணியினர் பதில் சொல்லட்டும்.