ஷட்டர் இறக்கிய பிறகு
(வீடற்றோரும் கடைவீதியும் குறித்து சென்னை வணிகர்களிடையே ஆற்றிய உரை)

வணக்கம். பாரிமுனை, சௌகார்பேட்டை, பூங்கா நகர் பக்கம் கடை வைத்திருப்பவர்கள்தான் இங்கே பெரும்பாலும் வந்திருக்கிறீர்கள். இரவு பத்து மணிக்கு ஷட்டரை இறக்குகிறீர்கள், காலையில் தூக்குகிறீர்கள். இடைப்பட்ட நேரத்தில் உங்கள் வாசலில் யாரோ படுக்கிறார். அவரை என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு. விரட்டுவது, தானம் செய்வது, இந்த இரண்டு மட்டுமே நமக்குப் பழக்கம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: அவரோடு உட்கார்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொள்வது. அதற்குத்தான் செலவு குறைவு, பலனும் நிற்கும்.

படுப்பவர் யார் என்று முதலில் பார்த்துவிடுவோம். எல்லோரையும் ‘பிச்சைக்காரர்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். பாரிமுனையில் இரவில் ஒரு நடை போய்ப் பாருங்கள். மூட்டை தூக்குபவர், மீன்பாடி வண்டி ஓட்டுபவர், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுபவர், பூக்கட்டும் அம்மா, அட்டைப்பெட்டி பொறுக்கி எடைக்குப் போடுபவர். நம் சரக்கை இறக்கும் கைதான் நம் வாசலில் படுத்திருக்கிறது. வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்திலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்த்துவிட்டு வெளியே படுக்கும் வெளியூர்க்காரர்கள் இன்னொரு வகை. பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள் வேறு, மனநலம் பாதித்து ரயிலேறி எங்கோ இறங்கியவர்கள் வேறு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் தேவைப்படுவது ஒன்றல்ல. 1945ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தைச் சிலர் நீட்டுகிறார்கள். அது பிச்சை எடுப்பது பற்றிய சட்டம். பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு இரவில் படுப்பவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர், அதில் நகரங்களில் 9.38 லட்சம். அந்த எண்ணிக்கை பிப்ரவரி 28ஆம் தேதி ஒரே இரவில் எடுத்தது. அன்றிரவு கோயம்பேட்டில் லோடு இறக்கிக்கொண்டிருந்தவரும், பயத்தில் மறைவாகப் படுத்த பெண்ணும் கணக்கில் வந்திருக்க வாய்ப்புக் குறைவு.

இனி விரட்டும் வழிகள். படிக்கட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவது, கழிவு ஆயில் தடவுவது, கூர்க்கல் பதிப்பது, இரும்பு முள் அடிப்பது. தண்ணீர் ஊற்றினால் அவர் பக்கத்துக் கடைக்கு நகர்வார். பக்கத்துக் கடைக்காரரும் ஊற்றினால் எதிர்சாரி. நான்கு நாளில் உங்கள் வாசலுக்கே திரும்பி வருவார், ஏனென்றால் அவர் வேலை இந்தத் தெருவில் இருக்கிறது. ஆயில் தடவிய படியில் முதலில் வழுக்கி விழுவது காலையில் வரும் வாடிக்கையாளர். இரும்பு முள்ளின் கதையை மும்பைக்காரர்களைக் கேளுங்கள். 2018ல் கோட்டைப் பகுதியில் ஒரு வங்கிக் கிளை வாசலில் வரிசையாக முள் பதித்தார்கள், படம் பரவியது, ஊரே திட்டியது, கழற்றினார்கள்.

இதையெல்லாம்விடக் கெடுதல் செய்வது மாநகராட்சி லாரியை வரவழைப்பது. புகார் போகிறது, ஆட்கள் வந்து மூட்டை முடிச்சை அள்ளிப் போட்டுக்கொண்டு போகிறார்கள். நமக்கு அது குப்பை. உள்ளே ஆதார் அட்டை இருக்கும், ரேஷன் கார்டு இருக்கும், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ் இருக்கும், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஜி.எச்.சில் கொடுத்த மாத்திரை இருக்கும். காசநோய்க்காரராக இருந்தால் குறைந்தது ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரைகள் இருக்கும். அது நடுவில் நின்றால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறும் ஆபத்து உண்டு. அந்த இருமல் உங்கள் கடை வாசலில்தான் நடக்கும், உங்கள் கடைப் பையன்கள்தான் அந்தக் காற்றைச் சுவாசிப்பார்கள். ஆகவே அதிகாரிகள் வந்தே ஆக வேண்டிய நிலை என்றாலும், மூட்டைக்கு உரியவர் வரும்வரை அதில் கைவைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். புகார் கொடுத்தவர் சொன்னால் கேட்பார்கள்.

‘நடைபாதையை ஆக்கிரமிக்கிறார்களே’ என்று கேட்கலாம். நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஆறடி அகலம் நடக்க வழி இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்கு அளவு வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின் வரையறை. நாளை காலை ஒரு டேப்பை எடுத்து உங்கள் கடைப் படிக்கட்டு, வண்டி ஏறும் சாய்தளம், ஜெனரேட்டர், விளம்பரப் பலகை எல்லாம் போக எவ்வளவு மிச்சம் என்று அளந்து பாருங்கள். அவர் இரவு எட்டு மணி நேரம் படுக்கிறார். நம் படிக்கட்டு இருபத்துநாலு மணி நேரமும் அங்கேயே இருக்கிறது. (சிரிக்கிறீர்கள், அளந்துவிட்டுச் சிரியுங்கள்.)

உங்கள் புகார்களில் நியாயமானது நாற்றம். அதன் மூலம் கழிப்பறை, வேறொன்றுமில்லை. மாநகராட்சிக் கழிப்பறைகள் பல இடங்களில் இரவில் பூட்டிக்கிடக்கின்றன. கட்டணக் கழிப்பறையில் ஒரு முறைக்கு ஐந்து ரூபாய் என்று வையுங்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் நாளைக்கு மூன்று முறை போனால் அறுபது ரூபாய், மாதம் ஆயிரத்து எண்ணூறு. குளிப்பது தனி. ஆண்கள் சுவரோரம் ஒதுங்குகிறார்கள். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொள்கிறார்கள், அதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள், சிறுநீர்த் தொற்று வருகிறது. மாதவிடாய் நாட்களைச் சொல்லவே வேண்டாம். இந்த நாற்றத்துக்குப் பினாயில் தீர்வாகாது. உங்கள் சங்கத்தின் சார்பில் அருகிலுள்ள கழிப்பறையை இரவிலும் திறந்து வைக்கச் சொல்லி வார்டு அலுவலகத்தில் மனு கொடுங்கள், மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணிலும் புகார் பதியுங்கள், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் கொடுத்தால் கிடப்பில் போடுவார்கள். நாற்பது கடை முத்திரையோடு போனால் பார்வை வேறாக இருக்கும். இரவுக் காவலுக்கு ஆள் இல்லை என்பார்கள். பிளாட்பாரத்தில் இருப்பவர்களிலேயே ஒருவருக்கு அந்த வேலையைச் சம்பளத்தோடு கொடுக்கச் சொல்லுங்கள், கடைக்கு நூறு ரூபாய் போட்டால்கூட நாற்பது கடையில் மாதம் நாலாயிரம் அதற்குச் சேரும்.

இப்போது ஏற்பாட்டுக்கு வருகிறேன். பேசப் போகும்போது கடைப் பையனை அனுப்பாதீர்கள், முதலாளியே போங்கள். அவர் எழுந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில், மாலை ஆறு ஏழு மணிக்குப் போங்கள். நின்றுகொண்டு பேசினால் போலீஸ்காரர் பேசுவதுபோல் இருக்கும், ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். ‘நீ, வா, போ’ வேண்டாம். அண்ணே, அம்மா என்று கூப்பிட்டால் முதலாளித்தனம் ஒன்றும் குறைந்துவிடாது. பெயரைக் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பிறகு நேரம்: எத்தனை மணிக்குப் படுக்கலாம், எத்தனை மணிக்கு எழ வேண்டும். கடை ஒன்பதுக்குத் திறந்தால் ஏழு மணி என்று முடிவு செய்யுங்கள், ஆறு என்று சொல்லிவிட்டு எட்டுவரை பொறுத்துக்கொண்டு பிறகு ஒருநாள் கத்தாதீர்கள். பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது. நேரம் இன்னது என்று தெளிவாகத் தெரியாமல் இருப்பதால் வருகிற சண்டை அது.

அடுத்தது மூட்டை. பகலில் மூட்டையை எங்கே வைப்பது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை, அதனால்தான் நகராமல் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய ட்ரங்குப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, சாவி அவரிடம். இவ்வளவுதான். பெட்டி வந்த பிறகு பிளாட்பாரம் பகலில் காலியாகும். ஆவணங்களை மட்டும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உங்கள் கல்லாவில் வைத்துக்கொள்ளுங்கள். இருபது லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்று நான்கு பேருக்கு ஓர் இரவு குடிக்கவும் கை கழுவவும் தாராளம். வாசலில் 9 வாட் பல்பு ஒன்றை இரவு பத்து மணி நேரம் எரியவிட்டால் மாதம் 2.7 யூனிட். பெண்கள் படுக்கும் இடத்தில் அந்த வெளிச்சம் ஒரு காவல். உங்கள் ஷட்டர் பூட்டுக்கும் அதே காவல்தான். விடியற்காலையில் பின்னோக்கி வரும் சரக்கு வண்டிக்காரருக்கும் ஆள் படுத்திருப்பது தெரியும். உங்கள் லாரி டிரைவரிடம் வண்டியை எடுக்குமுன் கீழே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். மழைக்கு வண்டியடியில் ஒதுங்குகிறவர்கள் உண்டு.

‘காப்பகம் இருக்கிறதே, அங்கே போகக் கூடாதா?’ இது அடிக்கடி வரும் கேள்வி. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் ஒரு காப்பகம், இருபத்துநாலு மணி நேரமும் திறந்து, ஒருவருக்கு 50 சதுர அடி. மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த அளவு இது. விரிவாக்கப்பட்ட சென்னைக்கு 2011 கணக்குப்படி சுமார் 67 லட்சம் மக்கள் என்றால் 67 காப்பகம், 6,700 இடம் வேண்டும். இருப்பது அதை எட்டவில்லை. இருக்கும் இடங்களும் பெரும்பாலும் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, முதியோருக்குத் தனி. புருஷன், பெண்டாட்டி, பதினாலு வயது மகன் என்று இருக்கும் குடும்பம் அப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் பிரிந்துதான் படுக்க வேண்டும். அதிகாலை இரண்டு மணிக்கு மார்க்கெட்டில் இறங்கும் லோடுக்குப் போகிறவருக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காப்பகம் பிழைப்பைக் கெடுக்கும். குடிப்பழக்கம் உள்ளவருக்கு அங்கே இடமில்லை என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது. ஆனால் தனியாக இருக்கும் முதியவருக்கும் தனியாக இருக்கும் பெண்ணுக்கும் காப்பகம் நல்ல இடம். அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள், ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், பிடித்தால் தங்கட்டும். முதியவர்களுக்கு 14567 என்ற உதவி எண் இருக்கிறது. பெற்றோரைக் கைவிட்டுப் போவது 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கக்கூடிய குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆனால் பெரியவர் விரும்பாமல் அந்த வழக்கை நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. பிறந்தநாள் என்றால் ஒரே தெருவில் மூன்று பேர் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறார்கள், மறுநாள் ஒருவரும் இல்லை. மதியம் வடித்த சோற்றை இரவு பத்து மணிக்குக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு, பிறகு கழிப்பறை இல்லாத இரவு. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள், இல்லையேல் நன்றாகச் சூடாகவே வைத்திருந்து கொடுங்கள். தயிர்சாதமும் தேங்காய்ச் சட்னியும் வெயில் காலத்தில் வேண்டாம். பக்கத்தில் அம்மா உணவகம் இருந்தால் அங்கே காசு கொடுத்துவிடுவது எல்லாவற்றையும்விடச் சுலபம். அவர் தனக்கு வேண்டியதை, வேண்டிய நேரத்தில், வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுவார்.

இனி, மனநலம் பாதித்தவர். சடை பிடித்த முடி, தனக்குத்தானே பேச்சு, வெயிலில் மூன்று சட்டை. கூட்டம் கூடிச் செல்போனில் படம் எடுப்பதுதான் முதலில் நடக்கிறது. கூட்டத்தைக் கலையுங்கள். ஒரே ஒருவர், ஐந்தாறு அடி தள்ளி, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, தண்ணீரை வைத்துவிட்டுப் பேசுங்கள். அவர் பையைத் தொடாதீர்கள், பின்னாலிருந்து நெருங்காதீர்கள். எந்த மொழி பேசுகிறார் என்று கவனியுங்கள். சௌகார்பேட்டையில் இந்தியோ மார்வாடியோ தெலுங்கோ தெரிந்தவருக்கா பஞ்சம்? ஊர்ப் பெயர் ஒன்று வாயில் வந்தால் குறித்து வையுங்கள், வீடு திரும்ப அதுதான் முதல் தடயம். காலில் புண் இருந்து புழு தெரிந்தால் உடனே 108.

காவல்துறைக்குச் சொல்லும்போது ‘பைத்தியம் தொல்லை கொடுக்குது’ என்று சொல்லாதீர்கள், தள்ளிவிடச் சொல்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 100 என்று சொல்லுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் காட்ட வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். இத்தனையும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. பல நேரங்களில் நடப்பது என்னவென்றால், வண்டியில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிடுவது. ஆகவே பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள், மறுநாள் எந்த ஆஸ்பத்திரி என்று விசாரியுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. மனநலம் பாதித்த வீடற்ற பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட பான்யன் அமைப்பு 1993 முதல் சென்னையில் இயங்குகிறது.

இன்னொன்று, காலையில் எழாமல் கிடப்பவர். ‘தண்ணி போட்டிருக்கான்’ என்று தாண்டிப் போகிறோம். சர்க்கரை இறங்கியவரும் வலிப்பு வந்து ஓய்ந்தவரும் பார்க்க அப்படித்தான் இருப்பார்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையென்றால் மூச்சைப் பாருங்கள், மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், புரையேறும். மூச்சே இல்லையென்றால் 108க்குச் சொல்லிவிட்டு, அவர்கள் போனில் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

கடைசியாக விலாசம். வங்கிக் கணக்கு, ரேஷன், ஓய்வூதியம் எதற்குப் போனாலும் ‘அட்ரஸ் ப்ரூஃப்’ என்ற சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். வாக்காளர் அட்டைக்கு மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் தேர்தல் ஆணையத்தின் படிவம் 6இல், தான் படுக்கும் இடத்தையே எழுதிக் கொடுக்கலாம், இருப்பிடச் சான்று தேவையில்லை. அந்த இடத்தில் அவர் உண்மையிலேயே படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்ப்பார், ஒரு தடவைக்கு மேலும் வருவார். ஆகவே உங்கள் கடை எண்ணைப் போட்டு, ‘இன்ன கடை எதிரே நடைபாதை’ என்று எழுதச் சொல்லுங்கள், படிவத்தை நிரப்ப உங்கள் கணக்குப்பிள்ளை உதவட்டும். விண்ணப்பம் போட்ட பிறகு அந்தச் சில வாரங்களுக்காவது படியில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். அலுவலர் வரும் இரவுகளில் அவர் அந்த இடத்தில் இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்.