முடியும் தேதி முன்பே எழுதப்பட்ட பள்ளிக்கூடம்: கிளார்க் தளத்தின் வாக்னர் ஹைஸ்கூல்

(திரையில்: பிலிப்பைன்ஸ் வரைபடம். லூசான் தீவில் மணிலா, அதற்கு வடமேற்கே ஏஞ்சலஸ் நகரம்.)

மின்னசோட்டாவில் பிறந்து மணிலாவில் வளர்ந்த ஓர் அமெரிக்கப் பையன், 1910இல் அங்கிருந்த அமெரிக்கன் ஹைஸ்கூலில் படிப்பை முடித்தான். பெயர் ஹெரால்ட் கிளார்க். பிறகு ராணுவ விமானியாகி, 1919இல் பனாமா கால்வாய்ப் பகுதியில் நடந்த கடல்விமான விபத்தில் மேஜராக இறந்துபோனார். அவர் பெயரைத்தான் ஏஞ்சலஸ் நகரத்தை ஒட்டிய அமெரிக்க விமானத் தளத்துக்கு வைத்தார்கள். வெளிநாட்டில் படித்த ஒரு மாணவரின் பெயர் தளத்துக்குப் போனது. பல பத்தாண்டுகள் கழித்து அதே தளத்துக்குள் அதே மாதிரி மாணவர்களுக்காக ஒரு ஹைஸ்கூல் வந்தது. அதுதான் வாக்னர் ஹைஸ்கூல்.

அந்தப் பள்ளியின் வரலாற்றைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம். அதை எரிமலை மூடிவிட்டது என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மைதான்.

(திரையில்: 1946, ஜெர்மனி.)

முதலில் பின்னணி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் தங்கிவிட்டன. 1946இல் சிப்பாய்களின் மனைவி, மக்கள் கப்பலில் வந்து இறங்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்க வழியில்லை. மொழி தெரியாது, ஊரே இடிபாடு. அதனால் அந்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியில் ராணுவமே பள்ளிகளைத் திறந்தது. தொடக்கத்தில் இதற்கென்று ஒழுங்கான பட்ஜெட் கிடையாது. பெற்றோர் கட்டிய கட்டணம், அரசுப் பணம், ராணுவ மதுக்கடைகளின் லாபம் என்று பல இடங்களிலிருந்து திரட்டித்தான் நடத்தினார்கள்.

விமானப்படை தனிப் பிரிவான பிறகு தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனியாகப் பள்ளி நடத்தின. 1964இல் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா அவற்றை ஒரே குடைக்குள் கொண்டுவந்தார். ஐரோப்பா தரைப்படைக்கு, அட்லாண்டிக் பகுதி கடற்படைக்கு, பசிபிக் விமானப்படைக்கு என்று பொறுப்பைப் பிரித்தார்கள். 1978இல் வந்த சட்டம் இந்தப் பள்ளிகளை ராணுவத் தளபதிகளின் கையிலிருந்து எடுத்து, பாதுகாப்புத் துறையின் கல்விப் பிரிவிடம் நேரடியாக ஒப்படைத்தது. தளபதிக்குத் தளம், கல்விப் பிரிவுக்குப் பள்ளி. பிளம்பிங், மின்சாரம், காவல் எல்லாம் தளத்தின் பொறுப்பு. வகுப்பறைக்குள் நடப்பது மட்டும் பள்ளியின் பொறுப்பு. தலைமையாசிரியர் கூரை ஒழுகுகிறது என்று சொன்னால், அந்த வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டியது தளம்தான். அதனால் இரண்டு பக்கமும் சுமுகமாக இல்லாவிட்டால் சின்ன ரிப்பேர்கூட இழுத்துக்கொண்டே போகும்.

(திரையில்: இரண்டு போர் விமானிகள். வர்ட்ஸ்மித், வாக்னர்.)

இனி கிளார்க். போருக்குப் பின் அங்கே நடந்த பள்ளியின் பெயர் வர்ட்ஸ்மித். 13ஆவது விமானப்படைக்குத் தலைமை தாங்கி 1946இல் விமான விபத்தில் இறந்த மேஜர் ஜெனரல் பால் வர்ட்ஸ்மித்தின் நினைவாக வைத்தது. ஹைஸ்கூல் வகுப்புகளும் முதலில் அந்தப் பெயரில்தான் நடந்தன. 1960களில் ஹைஸ்கூல் தனியாகி, வாக்னர் என்ற பெயரைப் பெற்றது.

போய்ட் "பஸ்" வாக்னர் யார்? 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானிய விமானங்கள் கிளார்க்கைத் தாக்கித் தரையிலேயே பெரும்பாலான விமானங்களை எரித்தன. மிச்சமிருந்த பி-40 போர் விமானம் ஒன்றில் பறந்து சில நாட்களுக்குள் ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்தி, அந்தப் போரில் அமெரிக்கத் தரைப்படை விமானப் பிரிவின் முதல் 'ஏஸ்' என்ற பெயரெடுத்தவர் வாக்னர். மறு ஆண்டே ஃபுளோரிடாவில் ஒரு சாதாரணப் பயணத்தில் விழுந்து இறந்தார். இந்தப் பள்ளிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் இதே கதைதான் திரும்பத் திரும்ப வரும். ஜப்பானின் யோகோசுகாவில் உள்ள பள்ளிக்கு நைல் கின்னிக் பெயர். அவர் அமெரிக்கக் கால்பந்து வீரர். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கான உயரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 1939இல் வாங்கியவர். 1943இல் கடற்படை விமானப் பயிற்சியில் கடலில் விழுந்து இறந்தார்.

(திரையில்: பள்ளிச் சேர்க்கைப் படிவம் ஒன்றின் மாதிரி.)

யார் சேரலாம்? இதில்தான் பலருக்குக் குழப்பம். அமெரிக்கக் குடும்பம் என்பதாலேயே இடம் கிடைத்துவிடாது. 'இடம் கொடுத்தே ஆக வேண்டும்', 'இடம் இருந்தால் கொடுக்கலாம்' என்று இரண்டு வகை. ஒவ்வொன்றிலும் கட்டணம் உண்டு, கட்டணம் இல்லை என்று இரண்டு. ஆக மொத்தம் நான்கு.

குடும்பத்தோடு வர அதிகாரபூர்வ அனுமதி வாங்கிய படைவீரரின் பிள்ளைக்கு இடம் நிச்சயம், கட்டணமும் இல்லை. அனுமதி இல்லாமல், சொந்தச் செலவில் குடும்பத்தை வரவழைத்தவரின் பிள்ளை காத்திருக்க வேண்டும். ஒப்பந்தக் கம்பெனி ஊழியரின் பிள்ளைக்கு இடம் இருந்தால்தான் சேர்க்கை, அதுவும் கட்டணத்தோடு. தகப்பனாரின் ஆணைக் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு வரிதான் பிள்ளை எந்த வகை என்பதைத் தீர்மானிக்கும். அந்த வரி விடுபட்டிருந்தால் பள்ளி அலுவலகம் ஒன்றும் செய்ய முடியாது. தளத்தின் பணியாளர் பிரிவுக்குப் போய்த் திருத்தி வாங்கிவர வேண்டும்.

பிலிப்பைன்ஸில் இன்னொரு விசேஷம். அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் 1947இல் போட்ட ராணுவத் தள ஒப்பந்தத்துக்குப் பிறகு அமெரிக்கக் கடற்படை பிலிப்பைன்ஸ்காரர்களை அந்த நாட்டிலேயே ஆள் எடுத்தது. அவர்களின் பிள்ளைகளும் இந்தப் பள்ளிகளுக்கு வந்தார்கள். பக்கத்துத் தெருவில் பாட்டி வீடு, படிப்பதோ அமெரிக்கப் பள்ளி என்ற நிலை அவர்களுக்கு இருந்தது.

ஒரு தளத்தில் பணிக்காலம் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு. மூன்று ஆண்டு என்றே வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு கோடையிலும் மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கு கிளம்பிவிடும், அதே அளவு புதிதாக வரும். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டை அங்கேயே முடிப்பவர் அபூர்வம். அதனால் பாடத்திட்டம் முழுக்க 'எங்கே போனாலும் ஒத்துப்போக வேண்டும்' என்ற கணக்கில் அமைந்தது. பாடங்களை கிரெடிட்டாக எண்ணினார்கள். ஓராண்டுப் பாடம் ஒரு கிரெடிட், அரையாண்டு அரை கிரெடிட். அமெரிக்காவின் தர அங்கீகார அமைப்பு வந்து சோதித்தது. அந்த முத்திரை இல்லாவிட்டால் ஊர் திரும்பும்போது கல்லூரி மதிக்காது.

இவ்வளவு செய்தும் இடறுவது பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பில்தான். ஒரு மாநிலம் தன் சொந்த மாநில வரலாற்றுப் பாடத்தைக் கேட்கும். இன்னொன்று உடற்கல்வியில் கூடுதல் அரை கிரெடிட் கேட்கும். அரையாண்டு நடுவில் மாறினால் அந்த அரை கிரெடிட்டே காணாமல் போகும். 1991இல் இதற்கு எந்தப் பொது விதியும் கிடையாது, அந்தந்தப் பள்ளி மனது வைக்க வேண்டும். 2008இல் தொடங்கிய மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கைதான் இதைச் சரிசெய்தது. இப்போது கையில் கொண்டுவந்த நகலை வைத்தே சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய பள்ளி 10 நாளில் அசல் பதிவேட்டை அனுப்ப வேண்டும். தடுப்பூசிக்கு 30 நாள் அவகாசம். புதிய பள்ளியில் முடிக்க வழியே இல்லை என்றால் பழைய பள்ளியின் பெயரிலேயே பட்டயம் வாங்கிக்கொள்ளலாம்.

(திரையில்: 1973, 1975, 1986 என்று ஆண்டுகள் ஓடுகின்றன.)

வியட்நாம் போர்க் காலத்தில் கிளார்க் உச்சத்தில் இருந்தது. 1973 பிப்ரவரி 12 அன்று ஹனோயிலிருந்து விடுதலையான அமெரிக்கப் போர்க்கைதிகளின் முதல் விமானங்கள் இறங்கியது இங்கேதான். ஓடுதளத்தை ஒட்டித் தளத்துக் குடும்பங்கள் பலகை ஏந்தி நின்றன. 1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தபோது, பேம்பூ பௌல் என்ற விளையாட்டு மைதானத்தை ஒட்டி அகதிகளுக்குக் கூடாரங்கள் முளைத்தன. 1986 பிப்ரவரியில் நாட்டை விட்டு ஓடிய பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ், ஹெலிகாப்டரில் முதலில் வந்து சேர்ந்ததும் கிளார்க்குக்குத்தான். 1987 அக்டோபரில் தளத்துக்கு வெளியே மூன்று அமெரிக்கர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, வேலிக்கு வெளியே போய்வருவதே யோசிக்க வேண்டிய விஷயமானது.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒரு காகிதம். 1947இல் போட்ட தள ஒப்பந்தம் 99 ஆண்டுக்கானது. 1966இல் இரு நாடுகளும் பேசி, அந்த ஆண்டிலிருந்து 25 ஆண்டு என்று அதைக் குறைத்தன. கணக்குப் போட்டால் 1991 செப்டம்பர் 16. அன்றோடு அனுமதி காலாவதி. வாக்னர் ஹைஸ்கூலில் பல தலைமுறை மாணவர்கள் படித்தது, முடியும் தேதி ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு பள்ளியில்தான்.

(திரையில்: பினடுபோ. கிளார்க்கிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்.)

1991 ஏப்ரல் 2 அன்று, 500 ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த பினடுபோ மலையிலிருந்து நீராவி வெடித்துக் கிளம்பியது. பிலிப்பைன்ஸ் எரிமலை ஆய்வு நிறுவனமும் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையும் சேர்ந்து கிளார்க்குக்கு உள்ளேயே கண்காணிப்பு மையம் வைத்தன. எச்சரிக்கைக்கு ஐந்து படி. மூன்று என்றால் இரண்டு வாரத்துக்குள் வெடிக்கலாம், நான்கு என்றால் 24 மணி நேரத்துக்குள், ஐந்து என்றால் வெடித்துக்கொண்டிருக்கிறது. ஜூன் 5இல் மூன்று, 7இல் நான்கு, 9இல் ஐந்து. நான்கே நாளில் மூன்று படி.

ஜூன் 10 விடியற்காலையில் குடும்பங்களைக் கிளப்பினார்கள். சுமார் 14,500 பேர், அவரவர் காரில், சுபிக் விரிகுடாக் கடற்படைத் தளத்தை நோக்கிப் போனார்கள். சில நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஜூன் என்பதால் கல்வியாண்டு முடிகிற தறுவாய். 1991இல் படிப்பை முடித்தவர்கள்தான் வாக்னரின் கடைசி பேட்ச்.

சுபிக்கில் ஏற்கெனவே கடற்படைக் குடும்பங்கள் இருந்தன. வந்தவர்களை வீடுகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் பள்ளிகளிலும் தங்கவைத்தார்கள். ஜூன் 15 அன்று பெருவெடிப்பு. அதே நாளில் யுன்யா புயலும் லூசானைக் கடந்தது. இந்த இரண்டும் ஒன்றாக வந்ததுதான் வினை.

(திரையில்: ஒரு சதுர மீட்டர் கூரை. மேலே 10 செ.மீ. சாம்பல்.)

எரிமலைச் சாம்பல் என்பது அடுப்புச் சாம்பல் அல்ல, பொடியான பாறையும் கண்ணாடியும். காய்ந்த சாம்பல் 10 செ.மீ. படிந்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 முதல் 70 கிலோ. மழையில் நனைந்தால் அது 100 கிலோவைத் தாண்டிவிடும். வீட்டு அறையின் கூரை ஓரளவு தாங்கும், சுவர்கள் நெருக்கமாக இருக்கும். பள்ளியின் பெரிய ஹாலில் நடுவில் தூண் கிடையாது, கூரை நீளம். பனி விழாத நாட்டில் அந்தச் சுமைக்கு யாரும் கணக்குப் போட்டும் கட்டுவதில்லை. மழை நீர் வடிய வேண்டிய குழாயைச் சாம்பலே அடைத்துவிடும். மேலே ஏறி வாரித் தள்ளலாம் என்றால் பட்டப்பகலில் கும்மிருட்டு, விடாமல் நில அதிர்வு வேறு.

சுபிக்கின் பள்ளி ஜார்ஜ் டியூயி ஹைஸ்கூல். அதன் கூரை இடிந்து விழுந்ததில் ஒரு படைவீரரின் ஒன்பது வயது மகளும் ஒரு பிலிப்பைன்ஸ் குடிமகனும் இறந்தார்கள். பினடுபோவில் இறந்தவர்களில் கணிசமானோர் இப்படிக் கூரை விழுந்து இறந்தவர்களே. உயரமான, உறுதியான கட்டடம் என்று நம்பிப் பள்ளியில் ஒதுங்குவது வெள்ளத்துக்குச் சரி, சாம்பல் மழைக்குத் தவறு.

அதன் பிறகு கப்பல்கள். சுபிக்கிலிருந்து செபு, அங்கிருந்து விமானத்தில் குவாம், அங்கிருந்து அமெரிக்கா. மொத்தம் 20,000 பேர் அளவுக்கு. மிட்வே என்ற விமானந்தாங்கிக் கப்பல் ஒரு நடையில் ஏற்றிய கணக்கு இது: 1,823 பேர், 23 பூனை, 68 நாய், ஒரு பல்லி.

(திரையில்: செப்டம்பர் 16, 1991. பிலிப்பைன்ஸ் செனட்.)

ஜூலையிலேயே கிளார்க்கைக் கைவிடுவதாக அமெரிக்கா அறிவித்துவிட்டது. புதிய ஒப்பந்தத்தில் சுபிக்குக்கு மட்டும்தான் 10 ஆண்டு நீட்டிப்பு. செனட் அதையும் 12-க்கு 11 என்று நிராகரித்தது. எரிமலை வெடிக்காமலே இருந்திருந்தாலும் அந்த வாக்கெடுப்பு நடந்திருக்கும், அதே தேதியில். நவம்பர் 26 அன்று கிளார்க்கில் கொடி இறங்கியது. சுபிக் 1992 நவம்பர் 24. மலை செய்தது, ஓர் ஆண்டு திட்டமிட்டு மூடியிருக்க வேண்டிய பள்ளியை ஒரே காலையில் காலிசெய்ய வைத்தது, அவ்வளவுதான். எரிமலையே இல்லாத ஊர்களிலும் இதே முடிவுதான். மியூனிக் 1992, பெர்லின் 1994, ஃபிராங்ஃபர்ட் 1995, ஹைடெல்பெர்க் 2013, சியோல் 2019. எல்லாம் தளம் சுருங்கியதால் அல்லது இடம் மாறியதால் மூடியவை.

மூடிய பள்ளியில் படித்தவருக்கு வேலைக்கோ கல்லூரிக்கோ மதிப்பெண் பதிவு வேண்டும் என்றால்? பள்ளி போனாலும் நிர்வாகம் போகவில்லை. பாதுகாப்புத் துறையின் கல்விப் பிரிவிடம்தான் கேட்க வேண்டும். பிறந்த தேதி, கடைசியாகப் படித்த பள்ளி, ஆண்டு, கையொப்பம், இவை அவசியம். கையொப்பம் இல்லாவிட்டால் தனியுரிமைச் சட்டப்படி தர மாட்டார்கள். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இரண்டு காரணம் அடிக்கடி அமையும். ஒன்று, கல்யாணத்துக்குப் பிந்தைய பெயரில் எழுதுவது. படித்த காலத்துப் பெயரில் கேட்க வேண்டும். இரண்டு, பள்ளியின் பெயர். கிளார்க்கில் படித்தேன் என்றால் போதாது. அங்கே வர்ட்ஸ்மித்தும் இருந்தது, லில்லி ஹில் நடுநிலைப் பள்ளியும் இருந்தது, வாக்னரும் இருந்தது. எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்று தனித்தனியாக எழுத வேண்டும்.