தப்பு செய்ய ஓர் இடம் வேண்டும், நடுவர் அவர்களே

நடுவர் அவர்களே, வணக்கம். சினிமா, வீடியோ, புகைப்படம் இதையெல்லாம் கற்க ஏற்ற இடம் அரசுப் பல்கலைக்கழகமா, படப்பிடிப்புத் தளமா என்பது தலைப்பு. தளம்தான் என்று எதிரணித் தலைவர் அடித்துப் பேசிவிட்டுக் கைதட்டலோடு உட்கார்ந்திருக்கிறார். கிணற்றில் தள்ளிவிட்டால் நீச்சல் தானாக வரும் என்றார். வரும் ஐயா, வந்தவர்கள் மட்டும்தானே மேலே ஏறி வந்து மைக் பிடிக்கிறார்கள், முழுகிப் போனவர்களை யார் பேட்டி எடுத்தார்கள்?

சரி, அவர் சொன்ன உதாரணத்துக்கே வருகிறேன். மணிரத்னம் எந்தத் திரைப்படக் கல்லூரியில் படித்தார் என்று கேட்டார். எதிலும் படிக்கவில்லை. ஆனால் அவர் யாரிடமும் உதவி இயக்குநராக இருந்தும் கற்கவில்லையே, அவரை எப்படி உங்கள் அணியில் சேர்த்தீர்கள்? 1983-ல் வந்த அவருடைய முதல் படம், கன்னடத்துப் ‘பல்லவி அனுபல்லவி’க்கு ஒளிப்பதிவு யார்? பாலு மகேந்திரா. மட்டக்களப்புக்காரர், புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர், அதுவும் அரசு நடத்துகிற கல்லூரி. அப்புறம் ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ இரண்டுக்கும்? பி.சி.ஸ்ரீராம், நம்ம அடையாறு திரைப்படக் கல்லூரி மாணவர். படிக்காத இயக்குநருக்குப் பக்கத்தில் படித்த ஒளிப்பதிவாளர் நின்றிருக்கிறார், அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்குங்கள். அந்த அடையாறு கல்லூரி 1945-ல் ஒரு பாலிடெக்னிக்கின் பிரிவாகத் தொடங்கியது. இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இருக்கிறது, இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு நான்கு வருடப் பட்டம் தருகிறது.

நான்கு வருடம் என்னத்தைச் சொல்லித் தருவார்கள், கையில் செல்போன் இருக்கிறது, யூடியூப் இருக்கிறது என்பது அவர்களுடைய அடுத்த வாதம். ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் ஒன்று இருக்கிறது, எதைக் காட்டினாலும் அது அதை நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும், அதாவது விழுகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல். நல்ல வெயிலில் வெள்ளை வேட்டி சட்டையோடு நம்மூர்ப் பெரியவர் ஒருவர் நிற்கிறார், கறுத்த முகம். ஃப்ரேம் முழுக்க வெள்ளையாக இருப்பதால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று மீட்டர் குறைத்துவிடும், வேட்டி அழுக்கு நிறமாகும், முகத்தில் கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். முகத்துக்குப் பக்கத்தில் போய் அளந்து, வேட்டி வெளுத்துப் போகாத அளவுக்கு லென்ஸைத் திறந்து, நிழல் விழுந்த பக்கம் ஒரு தெர்மாகோலை நிறுத்தி வெயிலை அவர் முகத்துக்குத் திருப்பினால்தான் மனிதர் மனிதராகத் தெரிவார். தளத்தில் அந்தத் தெர்மாகோலைப் பிடிக்கச் சொல்வார்கள், எதற்கு என்று கேட்டால் “ஷாட் போகுது, பேசாம பிடி” என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அங்கே நேரம் என்றால் காசு. வகுப்பில் அதே பெரியவரை ஒவ்வொரு ஸ்டாப்பாக, அதாவது லென்ஸ் திறப்பை ஒவ்வொரு படியாக மாற்றி எடுத்துப் பார்த்து, எது ஏன் கெட்டுப்போனது என்று ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பேசலாம், யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள்.

ஃபிலிம் காலத்தில் 35 மி.மீ. 400 அடிச் சுருள் நாலரை நிமிடத்தில் ஓடித் தீர்ந்துவிடும். அதை உதவியாளர் கையில் கொடுத்து “எடுத்துப் பழகு தம்பி” என்று எந்தத் தயாரிப்பாளர் சொன்னார்? இப்போது டிஜிட்டல் வந்து ஃபிலிம் செலவு போய்விட்டது, லைட் வாடகையும் பேட்டாவும் போகவில்லையே.

அதைவிடப் பெரிய கேள்வி, தளத்துக்குள் எப்படி நுழைவது? ஆளைத் தெரிய வேண்டும், அதுதான் அங்கே நுழைவுத் தேர்வு. பெண்ணாக இருந்துகொண்டு 1985-லேயே தனியாக ஒளிப்பதிவு செய்தவர் பி.ஆர்.விஜயலட்சுமி, ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்து கற்றவர். பெரிய சாதனை, மறுக்கவே மாட்டேன். ஆனால் அவர் இயக்குநர் பி.ஆர்.பந்துலுவின் மகள். அப்பாவுக்கு ஸ்டுடியோ வாசல் தெரியாத வீட்டுப் பெண்ணுக்கு என்ன வழி? விண்ணப்பப் படிவம் ஒன்றுதான்.

புகைப்படத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். டில்லி ஜாமியா மில்லியா மத்தியப் பல்கலைக்கழகம், அங்கே 1982-ல் ஊடகக் கல்விக்கு ஒரு மையம் தொடங்கினார்கள். பொருளாதாரம் படித்துவிட்டு அந்த மையத்தில் சேர்ந்து 2007-ல் வெளியே வந்தவர் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திக்கி. படகில் கடலைத் தாண்டி வந்த ரோஹிங்யாப் பெண் வங்கதேசக் கரையில் மண்டியிட்டு மண்ணைத் தொடுகிற படம் அவர் எடுத்ததுதான். அந்த அகதிகள் படங்களுக்காக ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புகைப்படக் குழுவுக்கு 2018-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அரசுக் கல்லூரி என்றாலே பழைய கேமரா, காலிப் பணியிடம் என்று கிண்டல் செய்தார்கள். உண்மைதான், பல இடத்தில் அப்படித்தான் இருக்கிறது, அதற்குக் கேமரா வாங்கு, ஆளைப் போடு என்று சண்டை போடுவோம், கூடவே நீங்களும் வாருங்கள்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் யு.சி.எல்.ஏ., கலிபோர்னியா மாநில மக்கள் பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகம். அங்கே படித்த கறுப்பின மாணவர் சார்லஸ் பர்னெட், தன் பட்டத்துக்கான படமாக ‘கில்லர் ஆஃப் ஷீப்’ எடுத்தார். இறைச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிற ஒரு தொழிலாளியின் வீடு, தெரு, அவ்வளவுதான் கதை. லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் சனி ஞாயிறுகளில் எடுத்தது, நடித்தவர்கள் பெரும்பாலும் சினிமாக்காரர்களே இல்லை. பாட்டு உரிமைச் சிக்கலில் 2007 வரை முறையாகத் தியேட்டருக்கே வரவில்லை, ஆனால் 1990-லேயே பாதுகாக்க வேண்டிய படங்களுக்கான அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்து வருகிற பேச்சாளரிடம் நான் கேட்பது இதுதான்: படிக்கிற பையனுக்குக் கேமராவைக் கொடுத்து, உன் தெருவை உன் இஷ்டப்படி எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பிய தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள். மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, நன்றி.