ரிப்ளை பட்டனை எடுத்தார்கள், சண்டை அடங்கியது!

2014 மார்ச் 18. தைவான் நாடாளுமன்றத்துக்குள் மாணவர்கள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து வெளியே வந்தது ஏப்ரல் 10 அன்று!

காரணம்? சீனாவுடன் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தை ஷரத்து ஷரத்தாக விவாதிக்காமல் ஆளுங்கட்சி அவசரமாக நகர்த்தியது. அவ்வளவு தெரிந்தால் போதும், அடுத்ததற்குப் போவோம்.

உள்ளே நடந்ததை நேரலையாக வெளியே கொண்டுவர உதவியவர்கள் 'கவ் ஜீரோ' என்ற தன்னார்வ நிரலாளர் கூட்டம். இவர்கள் குறும்பைக் கேளுங்கள். தைவான் அரசு இணைய முகவரிகளில் 'ஜி ஓ வி' என்று வரும் இல்லையா? அந்த 'ஓ'வைப் பூஜ்யமாக மாற்றி டைப் செய்தால் இவர்களுடைய தளம் திறக்கும். நாடாளுமன்றத் தளத்துக்கும் அப்படி ஒரு மாற்று செய்து வைத்திருந்தார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது!

அதே ஆண்டு டிசம்பரில் ஓர் அமைச்சரே இவர்களிடம் வந்து, மக்களோடு சட்டம் பேச ஒரு தளம் வேண்டும் என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் 'வி-தைவான்'. 2015இல் ஊபருக்கும் டாக்ஸிக்காரர்களுக்கும் நடந்த பஞ்சாயத்து இங்கே வந்தது.

இப்போது திரையைப் பாருங்கள். இது வி-தைவான் அதற்குப் பயன்படுத்திய 'போலிஸ்' என்ற கருவி. போலீஸ் இல்லை சாமி, போலிஸ்! யாரோ எழுதிய ஒரு வாக்கியம், கீழே மூன்று பட்டன்: ஏற்கிறேன், மறுக்கிறேன், தாண்டிப் போகிறேன். ரிப்ளை பட்டன் கிடையாது. எதிராளியைத் திட்ட வழியே இல்லை. கடுப்பானால் நீங்களும் ஒரு வாக்கியம் எழுதிப் போடலாம், அதற்கும் ஓட்டு விழும். ஒரே மாதிரி ஓட்டுப் போடுபவர்களை வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் புள்ளிகளாகக் காட்டும். ஊபர் ஆட்கள் ஒரு பக்கம், டாக்ஸிக்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டமும் ஏற்கிற வாக்கியம்தான் மேலே வரும் என்றதும், எல்லோரும் அப்படி எழுதப் பழகிவிட்டார்கள். பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனது. அடுத்த ஆண்டே, வழக்கமான டாக்ஸி போல மஞ்சள் பெயின்ட் அடிக்காத, ஆப்பில் கூப்பிடும் டாக்ஸிகளுக்கு விதி வந்தது.

அப்புறம் 'ஜாயின்' என்ற அரசுத் தளம்: ஒரு கோரிக்கைக்கு 60 நாளில் 5,000 கையெழுத்து சேர்ந்தால் சம்பந்தப்பட்ட அரசுத் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, குறை எங்கே? வி-தைவான் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆன்லைன் மது விற்பனைக்கு இங்கே பேசிப் பரிந்துரை தயாரானது, அரசு அதைக் கிடப்பில் போட்டது. பேச வைத்துவிட்டுக் காதை மூடிக்கொள்வது எனக்குப் பச்சை ஏமாற்று வேலையாகத்தான் படுகிறது. இல்லை என்பவர்கள் கமென்ட்டில் வாருங்கள். நம்மிடம் ரிப்ளை பட்டன் இருக்கிறது, பார்த்து!