மலைக்குளிர்ல சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்: ஸ்வெட்டருக்கு முன்னாடி படுக்கையைப் பாருங்க

வணக்கம் மக்களே. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல்னு மலைப்பக்கம் நம்ம நாட்டு நாய் வளக்குறவங்க டிசம்பர் வந்தா கேக்குறது ஒரே கேள்விதான். "ராத்திரியானா நடுங்குதுங்க, எந்த ஸ்வெட்டர் வாங்கலாம்?" ஸ்வெட்டர் பேச்சு பின்னாடி வரும். அது எங்க படுக்குதுன்னு முதல்ல பாக்கணும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் விருதுநகர், தூத்துக்குடி பக்கத்துக் கரிசக்காட்டுல முயல் விரட்டுன நாய். வெயில்ல ஓடுறதுக்குன்னே அமைஞ்ச உடம்பு. கால் நீளம், வயிறு ஒட்டி, தோலுக்கு அடியில கொழுப்பே பேருக்குத்தான். இப்ப கேமராவைக் கிட்ட கொண்டுவரேன், விலாப்பக்கம் முடியை விரல்ல எதிர்ப்பக்கமா தள்ளுறேன், பாருங்க. உடனே தோல் தெரியுது. அல்சேஷன்ல இதே மாதிரி தள்ளுனா அடியில பஞ்சு மாதிரி இன்னொரு முடி இருக்கும், அதுதான் காத்தைப் பிடிச்சு வெச்சு சூட்டைக் காக்கும். இதுங்களுக்கு அந்த அடிமுடி கிடையாது. ராஜபாளையத்துக்கும் அதே கதைதான், ஆள்தான் கொஞ்சம் கனம். 1972 வன உயிரினச் சட்டத்துக்கு அப்புறம் முயல் வேட்டைக்கெல்லாம் இடமே இல்ல. நாய் வீட்டு நாயாகி எல்லா ஊருக்கும் போயிடுச்சு, உடம்பு மட்டும் அதே கரிசக்காட்டு உடம்பு.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வானம் தெளிவா இருக்குற ராத்திரியில புல்லு மேல வெள்ளையா உறைபனி படியும், பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். அதே நாள் மதியம் 20 டிகிரி வெயில் அடிக்கும். இதுல ரெண்டு சிக்கல் இருக்கு. ராத்திரிக்குப் போட்ட துணியை மதியமும் விட்டா நாய்க்கு வேகும், துணிக்குள்ள ஈரம் கட்டும். இன்னொண்ணு, அக்டோபர் நவம்பர்ல வர்ற மழையும் மூடுபனியும். எட்டு டிகிரில நனைஞ்ச நாய், ரெண்டு டிகிரில காஞ்ச நாயை விட அதிகமா தவிக்கும். அதனால வெளிய போயிட்டு வந்தா முதல் வேலை துவட்டுறது. அடிவயிறு, தொடை இடுக்கு, கால் விரல் சந்து, இந்த மூணு இடம்தான் எல்லாரும் விடுறது.

சரி, படுக்கை. வீட்டுக்குள்ள படுக்க வெக்க முடிஞ்சா அதுதான் முதல் யோசனை, அதுல பேச்சே இல்ல. ஆனா உள்ளேன்னாலும் சிமெண்ட் தரை, டைல்ஸ் தரை மேல ஒரு சாக்கு போட்டா வேலைக்கு ஆகாது. நாய் இழக்குற சூட்டுல நிறைய தரை வழியாத்தான் போகும். தரையில இருந்து 10, 15 சென்டிமீட்டர் தூக்கி ஒரு பலகை, அதுக்கு மேல ரெண்டு இஞ்ச் ஃபோம். அந்த ஃபோமை ரெக்சின் உறைக்குள்ள போடுங்க, இல்லேன்னா ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். கடைசியா மேல கம்பளி. இந்த முழங்கையைப் பாருங்க, எலும்பு மேல வெறும் தோல்தான். கெட்டித் தரையில படுத்தா இங்க காய் காய்ச்சிடும், சில நாய்க்கு நீர் கோத்து உருண்டையா வீங்கும். மெத்துன்னு படுக்கை குடுத்தா குளிருக்கும் ஆச்சு, இதுக்கும் ஆச்சு.

வெளிய ஷெட்லதான் படுக்க வெக்கணும்னா ஒரு பெட்டி கட்டாயம். நிறைய பேரு ஆறடிக்கு நாலடி சிமெண்ட் கூண்டு கட்டி, உள்ள ரெண்டு சாக்கு போட்டுட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. அவ்வளவு பெரிய இடத்தை 18 கிலோ நாயோட உடம்புச் சூடு சூடாக்காது. நீலகிரில இன்னொரு கணக்கும் இருக்கு: சிறுத்தை. தேயிலைத் தோட்டத்து ஓரத்துல வீடு இருக்குறவங்களுக்கு சொல்லவே வேண்டாம். அதனால வெளிக்கூண்டு கெட்டியா, மேலயும் கம்பி போட்டு, ராத்திரி பூட்டுற மாதிரி இருக்கட்டும். அது காவலுக்கு. குளிருக்கு, அந்தக் கூண்டுக்குள்ள ஒரு சின்னப் பெட்டி.

தோள் உயரம் 62 சென்டிமீட்டர் வர்ற நாய்க்கு உள்ளளவு 105 நீளம், 70 அகலம், 75 உயரம். நின்னு, திரும்பி, சுருண்டு படுக்க இது போதும். பாவம்னு இன்னும் பெருசா பண்ணாதீங்க, சூடு நிக்காது. வெளிச்சுவருக்கு 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் எட்டடிக்கு நாலடி ஷீட் ரெண்டு, உள்சுவருக்கு 6 மி.மீ. ரெண்டு. நடுவுல 25 மி.மீ. தெர்மாகோல். தரையிலயும் மேல்மூடியிலயும் அதே மூணு அடுக்கு. தெர்மாகோல் ஓரம் எங்கயும் வெளிய தெரியக்கூடாது. பல்லுக்குச் சிக்குனா ஒரே ராத்திரில பிச்சுத் தின்னுடும், குடல்ல போய் அடைச்சுக்கும். ஓரம் முழுக்க மர ரீப்பர் அடிச்சு மூடுங்க.

வாசலை நடுவுல வெக்காதீங்க. நீளமான பக்கத்துல ஒரு கோடியில வெச்சா, நாய் மறுகோடியில காத்து படாம படுக்கும். 35 அகலம், 50 உயரம் போதும், தலையைக் குனிஞ்சு போயிடும். கீழ 15 சென்டிமீட்டர் படி விடுங்க, வைக்கோல் வெளிய வராது. வாசலுக்கு ஒரு கனமான ரப்பர் ஷீட்டோ மடிச்ச கோணியோ தொங்கவிடணும். முதல் நாலஞ்சு நாள் அதைப் பாதி மடிச்சு விட்டுப் பழக்குங்க, எடுத்த எடுப்புல முழுசா தொங்கவிட்டா உள்ளயே போகாது. மேல்மூடிக்குக் கீல் வெச்சா சுத்தம் பண்ண லேசு.

இப்ப எல்லாரும் கோட்டை விடுற இடம். குளிருதுன்னு பெட்டியை இண்டு இடுக்கு இல்லாம அடைச்சிடுவாங்க. நாய் ராத்திரி முழுக்க விடுற மூச்சுல இருக்குற ஈரம் எங்க போகும்? மேல்மூடியில முத்து முத்தா நின்னு, அது மேலயே சொட்டும். காலைல படுக்கை சொதசொதன்னு இருக்கும், ஒரு வாரத்துல இருமல். அதனால காத்து அடிக்காத பக்கத்துச் சுவர்ல, கூரையை ஒட்டி, ஒரு இஞ்ச் விட்டத்துல ரெண்டு ஓட்டை போடுங்க. காலைல மூடியைத் திறந்து உள்பக்கம் கையை வெச்சுப் பாருங்க. ஈரமா இருந்தா இன்னொரு ஓட்டை வேணும். ஷெட்டுக்குத் தகரக் கூரைன்னா அதுலயும் பனி கோத்து சொட்டும், பெட்டியை சொட்டுற இடத்துக்கு நேர் கீழ வெக்காம ஒரு பக்கமா தள்ளி வெச்சு, மூடிக்கு மேல ஒரு ரெக்சின் போடுங்க.

உள்ள என்ன போடுறது? ஷெட்டுக்கு கம்பளி வேண்டாம், நெல்லு வைக்கோல்தான். கம்பளி ஈரத்தைக் குடிச்சிட்டு அப்படியே வெச்சுக்கும். வைக்கோல்ல ஈரம் கீழ இறங்கிடும், மேல காஞ்சே இருக்கும், நாய் தானே குழி பறிச்சு உள்ள சுருண்டுக்கும். அமுக்குன பிறகு ஒரு சாண் உயரம் நிக்கணும். காலைல கையை அடி வரைக்கும் விட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு இருந்தாலோ பூசணம் வாசம் அடிச்சாலோ மொத்தமும் மாத்திடணும், இல்லேன்னாலும் வாரம் ஒரு தடவை. மலையில வைக்கோல் விலைதான், ஒத்துக்குறேன். அதுக்காக மாட்டுத் தீவனத்துக்கு ஆகாதுன்னு ஒதுக்குன பழைய கட்டை வாங்கிப் போட்டா தூசியும் பூசணமும் சேர்ந்து தும்மல், சொறி ரெண்டும் வரும்.

அடுத்து கோட்டு. கடையில கிடைக்கிறது பெரும்பாலும் லேப்ரடார், பக் மாதிரி உடம்புக்குத் தைச்சது. நம்ம நாய்க்கு மார்பு ஆழம், இடுப்பு ஒல்லி. மார்புக்கு வாங்கினா இடுப்புல தொங்கும், இடுப்புக்கு வாங்கினா மார்புல ஏறாது. டெய்லர்கிட்ட தைக்குறதுதான் சரி. மூணு அளவு எடுங்க: கழுத்துப்பட்டை இருக்குற இடத்துல இருந்து வால் முளைக்கிற இடம் வரைக்கும், முன்னங்காலுக்குப் பின்னாடி மார்போட பெரிய சுற்றளவு, கழுத்துச் சுற்றளவு. நாய் நேரா நிக்கும்போது எடுக்கணும். முதுகுத் துண்டு அந்த நீளத்துல ரெண்டு சென்டிமீட்டர் கம்மி, அகலம் மார்புச் சுற்றளவுல முக்கால் பங்கு. உள்ள ஃப்ளீஸ், வெளிய ரெயின்கோட் துணி. பருத்தி வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது. வயித்துப் பட்டி 12 சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். அது முன்னங்கால் இடுக்குல இருந்து நாலு விரல் தள்ளி வரணும், ஒட்டி வந்தா ரெண்டே நாள்ல அக்குள் தோல் உரிஞ்சிடும். வெல்க்ரோ ஒட்டுற இடம் விலாப்பக்கம் மேல வரட்டும், கீழ வந்தா முடியைப் பிடிச்சு இழுக்கும். ஆண் நாய்க்கு வயித்துப் பட்டி பின்னாடி நீண்டா மூத்திரத்துல நனையும், அளந்து வெட்டுங்க. கழுத்துல ரெண்டு விரல் தாராளமா போகணும்.

காதுக்கு, பழைய கம்பளி ஸ்வெட்டர் கையை 30 சென்டிமீட்டர் வெட்டி கழுத்து வழியா மாட்டி காது மேல ஏத்திவிடலாம். காது நுனியும் வால் நுனியும் மெல்லிசு, குளிர்ல வெடிச்சா ஆறுறதுக்கு நாளாகும். ஆனா இது வாக்கிங்குக்கு மட்டும். தனியா இருக்கும்போது எங்கயாவது மாட்டி கழுத்தை இறுக்கும். கோட்டையும் தினம் ஒரு தடவை கழட்டி, தோலைத் தடவிப் பாத்துட்டு, வெயில்ல உதறிக் காயவெச்சுத்தான் திரும்பப் போடணும்.

சாப்பாடு. வெளிய படுக்குற நாய்க்கு குளிர் மாசத்துல பத்துல இருந்து இருபது சதவீதம் கூட வேணும். 300 கிராம் தீவனம் திங்கிறதுக்கு 340 கிராம் குடுங்க. வீட்டுச் சாப்பாடுன்னா கேழ்வரகுக் களியோ சோறோ வெதுவெதுப்பா, வேகவெச்ச கோழி சேர்த்து, ஒரு டீஸ்பூன் நெய்யோ தேங்காயெண்ணெயோ விட்டு, ஒரு வாரம் கழிச்சு ரெண்டு டீஸ்பூன். எடுத்தவுடனே நாலு ஸ்பூன் ஊத்துனா வயித்தால போகும், கணையம் வீங்கிப் படுத்துக்கும். கடைசி ரெண்டு மூணு விலா எலும்பு தெரியுறது இந்த இனத்துக்கு இயல்புதான், இடுப்பெலும்பும் முதுகெலும்பும் துருத்திக்கிட்டு நின்னா சாப்பாடு பத்தலை. பெரிய வேளைச் சாப்பாட்டை சாயங்காலம் வெச்சா செரிக்கிற சூடு ராத்திரிக்கு உதவும். தண்ணி சில்லுன்னு இருந்தா குடிக்கவே குடிக்காது, வெந்நீர் கலந்து வெக்கணும். மிச்ச பிரியாணி குடுக்காதீங்க, அதுல இருக்குற வெங்காயம் நாய் ரத்தத்தைக் கெடுக்கும்.

செய்யவே கூடாதது சிலது இருக்கு, கோவத்தோடதான் சொல்றேன். குளிருக்கு ஒரு மூடி பிராந்தி ஊத்துறது. அது தோல் பக்கம் ரத்தத்தைத் தள்ளி இருக்குற சூட்டையும் வெளிய விட்டுடும், போதாததுக்கு நாய்க்கு விஷம். நெஞ்சுல கற்பூரத் தைலம் தேய்க்கிறது, நக்கினா வலிப்பு வரும். காய்ச்சலோன்னு மனுஷ மாத்திரை குடுக்குறது. ஷெட்டைச் சாத்திட்டு உள்ள கரி அடுப்பு வெக்கிறது. மூடின அறையில கணப்பு வெச்சுத் தூங்கி மனுஷங்களே போயிருக்காங்க. ஹீட்டிங் பேடும் தனியா விடாதீங்க, முடி கம்மியான தோல் சுட்டது தெரியுறதுக்குள்ள வெந்துடும், ஒயரையும் கடிக்கும்.

குட்டி போட்டிருந்தா கணக்கே வேற. பிறந்த முதல் வாரம் குட்டிக்கு நடுங்கவே தெரியாது. படுத்திருக்குற மட்டத்துல தெர்மாமீட்டர் வெச்சு முதல் வாரம் 29ல இருந்து 32 டிகிரி, அடுத்த ரெண்டு வாரம் 27 பக்கம், அப்புறம் மெல்லக் குறைங்க. சூடு குடுக்குற விளக்கு பெட்டியோட ஒரு பாதிக்கு மேல மட்டும் தொங்கணும், சங்கிலியில, கயித்துல இல்ல. குட்டி விளக்குக்குக் கீழ குவிஞ்சு கிடந்தா குளிருது, ஓரத்துக்கு ஓடிப் பரவிக் கிடந்தா சூடு ஜாஸ்தி. சில்லிட்டுப் போன குட்டிக்கு உடனே பால் குடுக்காதீங்க. குடல் வேலை செய்யாது, பால் நுரையீரலுக்குப் போயிடும். உங்க நெஞ்சோட அணைச்சு மெதுவா சூடேத்திட்டு அப்புறம்தான் பால். சமவெளியில இருந்து குட்டி வாங்குறவங்க, நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017 மத்திய அரசு விதிப்படி எட்டு வாரத்துக்குள்ள இருக்குற குட்டியை விக்கவே கூடாது. அதுக்கு அப்புறமும் ஜனவரில நேரா மலைக்கு ஏத்தாம, பிப்ரவரி கடைசி வரைக்கும் பொறுத்தா நல்லது.

நடுக்கத்தைப் படிக்கத் தெரிஞ்சுக்கோங்க. ஓடிட்டு வந்து நின்னா, சந்தோஷத்துல, பயத்துல எல்லாம் நடுங்கும். முதுகை வளைச்சு, வாலை உள்ள இடுக்கி, காலை மாத்தி மாத்தித் தூக்குனா அது குளிர். இதை விட மோசமானது, நடுங்கிட்டு இருந்த நாய் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தி மந்தமா சாயுறது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் நுனியில வாசலின் தடவி ஆசனவாயில ஒரு இஞ்ச் விடுங்க. 101ல இருந்து 102.5 ஃபாரன்ஹீட் இயல்பு. 99க்குக் கீழன்னா டாக்டருக்குப் போன் போடுங்க, 95க்குக் கீழன்னா வண்டியை எடுங்க. போற வரைக்கும் ஈரத்தைத் துடைச்சு, கம்பளி சுத்தி, வெதுவெதுப்பான தண்ணி பாட்டிலைத் துண்டுல சுத்தி மார்புப் பக்கம், அக்குள் பக்கம் வைங்க. காலைத் தேய்க்காதீங்க, சுடுதண்ணில முக்காதீங்க.

கருத்தடை ஆபரேஷனைக் குளிர் மாசத்துல வெச்சா ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும். இந்த ஒல்லி வேட்டை நாய்களுக்கு தியோபென்டால் மாதிரி சில மயக்க மருந்து உடம்புல இருந்து இறங்க ரொம்ப நேரமாகும், மயக்கத்துல உடம்புச் சூடும் சரசரன்னு குறையும். என்ன இனம்னு டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. கோட்டையும் ஒரு கம்பளியையும் கையோட எடுத்துட்டுப் போங்க, ஆபரேஷன் டேபிள்ல இருந்து இறக்குன உடனே தேவைப்படும்.