கோர்தோபாவின் குட்டைத் தூண்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இஸ்லாமியக் கட்டடக்கலை என்றதும் நம்மில் பலருக்குத் தாஜ்மகால்தான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போகும் கட்டடத்தில் அப்படிப் பெரிய குவிமாடம் எதுவும் கிடையாது. வெளியே நின்று பார்த்தால் கோட்டை மதில்போல நீளமான சுவர்தான் தெரியும். ஸ்பெயினின் தெற்கே, கோர்தோபா நகரில், குவாதல்கிவிர் ஆற்றின் கரையில் இருக்கும் பெரிய பள்ளிவாசல் அது. இஸ்லாமியக் கலையின் குணம் என்ன என்று என்னை யாராவது கேட்டால், முதலில் இதைத்தான் காட்டுவேன்.

கதை டமாஸ்கஸில் தொடங்குகிறது. அங்கிருந்து முஸ்லிம் பேரரசை ஆண்ட உமய்யா வம்சத்தின் ஆட்சியை 750-ல் எதிரி வம்சமான அப்பாசியர்கள் கவிழ்த்தார்கள். அரச குடும்பத்தினரைத் தேடித் தேடிக் கொன்றார்கள். இருபது வயதை ஒட்டிய இளவரசர் ஒருவர் தப்பினார். அவர் அப்துர் ரஹ்மான். யூப்ரடீஸ் ஆற்றை நீந்திக் கடந்து, வட ஆப்பிரிக்காவில் தாய்வழி உறவினரான பெர்பர் மக்களிடம் அடைக்கலம் புகுந்து, 755-ல் ஸ்பெயினில் கால் வைத்தார். அடுத்த ஆண்டே கோர்தோபாவின் அமீர், அதாவது ஆட்சியாளர், ஆகிவிட்டார். பள்ளிவாசல் வேலை தொடங்கியபோது அவர் வாழ்வின் கடைசிக் கட்டத்தில் இருந்தார். அது 785-ஐ ஒட்டிய காலம்.

தொழுகைக் கூடத்துக்கு நிறையத் தூண்கள் வேண்டும். புதிதாகச் செதுக்கவில்லை. ரோமானியர்களும் அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்துகளும் விட்டுப்போன பழைய கட்டடங்களிலிருந்து தூண்களை எடுத்து வந்தார்கள். ஒன்று பளிங்கு, ஒன்று கருங்கல். ஒன்று வழவழப்பு, ஒன்று வரியோடியது. உயரமும் ஒன்றுபோல இல்லை. நெட்டையானதைத் தரைக்குள் கொஞ்சம் இறக்கினார்கள், குட்டையானதற்கு அடியில் பீடம் கொடுத்தார்கள். சரி, வரிசை கிடைத்துவிட்டது. ஆனால் எல்லாமே ஏறக்குறைய மூன்று மீட்டர்தான். அவ்வளவு பரந்த கூடத்துக்கு அந்த உயரத்தில் கூரை போட்டால் உள்ளே இருட்டும் புழுக்கமுமாக, தலைமேல் இடிப்பதுபோல இருக்கும்.

இங்கேதான் அந்தக் கொத்தனார்கள் செய்த காரியத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தூணின் தலையிலும் இன்னொரு கல் தூணை நிறுத்தினார்கள். தூணுக்கு மேல் தூண் வைத்தால் சாயும் அல்லவா? அதற்காகப் பழைய தூணின் தலையிலிருந்து அடுத்த தூணின் தலைக்கு லாட வடிவில் ஒரு வளைவு கட்டினார்கள். அதன் மேல் எதையும் கட்டவில்லை, வெறும் காற்றுதான். சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. அதற்கும் மேலே, இரண்டாவது தூணின் உச்சியில், இன்னொரு வளைவு. கூரையின் பாரத்தைத் தாங்குவது அதுதான். அதன் முதுகில் போகும் சுவரின் மேலேயே மழைநீர் ஓடும் கால்வாயையும் அமைத்துவிட்டார்கள்.

வளைவுகளில் சிவப்புச் செங்கல்லும் வெளிறிய கல்லும் மாறி மாறி வருகின்றன. உள்ளே நின்றால் இந்த வரி வளைவுகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். கூடம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தூண் குட்டையாக இருந்த ஒரு சங்கடத்திலிருந்து இவ்வளவு அழகு பிறந்தது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

இதில் எது புதுசு? லாட வளைவு விசிகோத்துகள் ஏற்கெனவே கட்டிவந்தது. வளைவுக்கு மேல் வளைவு, கல்லும் செங்கல்லும் மாறி வருவது, இரண்டையும் ஸ்பெயினிலேயே மெரிடா நகரில் இருக்கும் ரோமானியர் காலத்து நீர்ப்பாலத்தில் இன்றும் பார்க்கலாம். தூண்களோ மற்றவர்களுடையவை. ஆனால் இவை சேர்ந்து உண்டாக்கிய கூடம் அதற்கு முன் உலகில் எங்கும் இருந்ததில்லை. போன ஊரில் இருப்பதைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டு, அதைத் தன் தொழுகைக்கும் தன் அளவுக்கும் ஏற்ப மாற்றிவிடுவதுதான் இந்தக் கலையின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் பள்ளிவாசல் மூன்று முறை பெரிதானது. அதில் முக்கியமானது, 960-களில் அப்துர் ரஹ்மானின் வழிவந்த கலீஃபா இரண்டாம் அல்-ஹகம் செய்த விரிவாக்கம். பழைய தூண்களுக்குக் காத்திராமல், கருநீலத்திலும் இளஞ்சிவப்பிலும் புதுத் தூண்கள் செதுக்கி மாற்றி மாற்றி நிறுத்தினார். தொழும் திசையைக் காட்டும் மிஹ்ராபை ஒரு மாடமாக விடாமல், எண்கோணச் சிற்றறையாகவே கட்டினார். அதன் கூரை ஒரே பளிங்குக் கல்லில் சிப்பிபோலக் குடைந்தது. முகப்பில் தங்கமும் நீலமுமாகக் கண்ணாடிச் சில்லுகள், அவற்றினூடே கூஃபி என்ற பழைய அரபு எழுத்தில் குர்ஆன் வசனங்கள்.

அந்தச் சில்லுகள் கான்ஸ்டான்டிநோப்பிளிலிருந்து, பைசாந்தியத்தின் கிறிஸ்தவப் பேரரசரிடமிருந்து வந்தவை. அல்-ஹகம் ஆளனுப்பிக் கேட்டார், பேரரசர் ஒரு கைவினைஞரையும் 320 குவிண்டால் சில்லுகளையும் அனுப்பினார் என்று இப்னு இதாரி என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். எதற்காக அங்கே கேட்டார்? அவருடைய வம்சத்தின் பழைய கலீஃபா அல்-வலீத் 715 வாக்கில் முடித்த டமாஸ்கஸ் பள்ளிவாசலுக்கும் பைசாந்தியக் கைவினைஞர்கள் வந்து இதே வேலை செய்தார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. இழந்துபோன தலைநகரை இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்தும் அந்தக் குடும்பம் மறக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஸ்லாமியக் கலையில் உருவங்களே கிடையாது என்று பலர் சொல்வார்கள். பள்ளிவாசலுக்குள் அது சரி. அங்கே எழுத்து, கொடி, இலை, கோலம்போல் பின்னும் கோடுகள், இவைதான். ஆனால் இதே அல்-ஹகமின் தம்பி அல்-முகீராவுக்காக 968-ல் செய்த தந்தப் பேழை ஒன்று பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மனிதர்கள் இருக்கிறார்கள், சிங்கங்கள் இருக்கின்றன, குதிரைமேல் போகிறவர்கள் பேரீச்சங்குலை பறிக்கிறார்கள்.

1236-ல் கோர்தோபா, வடக்கே இருந்த கிறிஸ்தவ நாடான காஸ்திலின் அரசர் மூன்றாம் பெர்னாந்தோவின் கைக்குப் போனது. பள்ளிவாசல் தேவாலயம் ஆனது. ஆனாலும் கட்டடத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார்கள். 1523-ல்தான் நடுவில் இருந்த வளைவுகளை இடித்துப் பெரிய கதீட்ரல் எழுப்பத் திருச்சபை முடிவு செய்தது. அப்போது எதிர்த்து நின்றது யார் தெரியுமா? கோர்தோபாவின் நகர சபை, அதாவது கிறிஸ்தவர்கள். அரசர் முடிவு சொல்லும்வரை இடிப்பு வேலையில் கை வைக்கும் ஆளுக்கு மரண தண்டனை என்றே அறிவித்தார்கள். அரசர் ஐந்தாம் சார்லஸ் திருச்சபையின் பக்கம் நின்றார். வேலை முடிய 1607 ஆயிற்று.

நகர சபை தோற்றுவிட்டது. ஆனாலும் அந்தக் கதீட்ரலைச் சுற்றி இன்றும் 856 தூண்கள் நிற்கின்றன. அல்-ஹகமின் மிஹ்ராப் தங்கச் சில்லுகளோடு இருக்கிறது. ஊர்க்காரர்கள் இன்றும் அந்த இடத்தை மெஸ்கிதா, பள்ளிவாசல், என்றே சொல்கிறார்கள். கல்லையும் செங்கல்லையும் காப்பாற்ற திருச்சபையின் முடிவுக்கே முட்டுக்கட்டை போடத் துணிந்த அந்த நகர சபை உறுப்பினர்கள்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

நன்றி, வணக்கம்.