மக்காத்தினி பருத்தியும் ரெண்டு தராசும்

வணக்கம்ங்க. நாலு நிமிஷம்தான்னு தம்பி கண்டிப்பா சொல்லிட்டார், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கவர்மெண்ட் விவசாயிக்கு காசு குடுத்தா ‘அவங்க எங்க திருப்பித் தரப்போறாங்க’ன்னு நம்மாளுங்களே சொல்றோம் இல்ல, நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த்ல எந்த கல்யாண வீட்ல உக்காந்தாலும் இந்தப் பேச்சு வந்துடும், அப்பல்லாம் நான் மக்காத்தினி கதையத்தான் எடுப்பேன். வீட்ல எல்லாருக்கும் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. இன்னிக்கு நீங்க மாட்டிக்கிட்டீங்க.

மக்காத்தினி எங்க இருக்கு? தென்னாப்பிரிக்காவுல, நம்ம க்வாசூலு-நட்டால்லதான், என்-2 ரோட்ல வடக்கே போயி ம்குஸே ஊர தாண்டினா ஜோசினி அணை, அதுக்குக் கீழ இருக்கிற சமவெளி. அவ்ளோ பெரிய அணை பக்கத்துலயே இருக்கு, ஆனா சின்ன விவசாயிங்க பருத்தி முக்காவாசி மழைய நம்பித்தான். 1990-கள் கடைசியில சுமார் 3,000 பேர் போட்டாங்க, அதுல நிறைய பேர் பொம்பளைங்க. காய்ப்புழுவுக்கு தாக்குப்பிடிக்கிற, மரபணு மாத்தின பிடி (Bt) விதை அங்க வந்ததும் வெளிநாட்ல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து பாத்துட்டு ஆஹா ஓஹோன்னாங்க. எல்லாரும் விதையப் பத்தியே பேசினாங்க. காசப் பத்தி பேசினவங்க கம்மி.

காசு லேண்ட் பேங்க் காசு, அதாவது கவர்மெண்ட் பேங்க். ஆனா நிலம் இனக்குழுத் தலைவர் அனுமதியில உழுற நிலம், பட்டா கிடையாது, பேங்க் எத அடமானம் புடிக்கும்? வெளையப்போற பஞ்சத்தான். விதை, மருந்து எல்லாம் கடனா குடுப்பாங்க, பஞ்சு வாங்குற கம்பெனி அங்க ஒண்ணே ஒண்ணு, தராசுல மூட்டைய வச்சதும் கடன கழிச்சுட்டு மிச்சத்த கையில குடுத்துடுவாங்க. நம்ம மூலைக்கடை கணக்கு நோட்டு மாதிரிதான். கவனிங்க, ஒரே தராசு. வசூலுக்கு ஆள் வேணாம், நோட்டீஸ் வேணாம், அந்தத் தராசே வசூல் பண்ணிடும்.

2001-ல பக்கத்துலயே இன்னொரு கம்பெனி பஞ்சுல இருந்து கொட்டைய பிரிக்கிற மில் போட்டுச்சு. ரெண்டாவது தராசு. இங்க பழைய கடன யாரும் கழிக்கல.

நான் அப்ப அந்தப் பக்கம் உரம் ஏத்திட்டுப் போற லாரியில இருந்தேன். ஒரு கோகோ, ஜூலுல பாட்டிய அப்படித்தான் கூப்பிடுவாங்க, எங்க பாட்டி வயசு இருக்கும், வாடகைக்கு எடுத்த பாக்கி வண்டியில மூட்டைங்க மேல ஏறி உக்காந்திருக்காங்க, எறங்கினா யாராவது மாத்திடுவாங்கன்னு பயம். கோணி வாய் பிரியாம இருக்க பழைய ஸ்டாக்கிங் துணிய கிழிச்சு கட்டியிருந்தாங்க, விரல் நுனியெல்லாம் பருத்திக் காய் ஓடு கீறின கோடு. டிரைவர் எந்தப் பக்கம் திருப்பட்டும்னு கேக்கறான். பழைய இடத்துக்குப் போனா கையில ஒண்ணும் மிஞ்சாது, புது இடத்துக்குப் போனா பேரனுக்கு ஸ்கூல் ஷூ வாங்கலாம். புது இடத்துக்குத்தான் போனாங்க. நீங்களா இருந்தா எங்க போயிருப்பீங்க? நான் எல்லார்கிட்டயும் கேப்பேன் இத. அப்புறம் பேங்க் காசு திரும்பல, அடுத்த சீசன் கடன் இல்ல, 3,000 பேர் போட்ட இடத்துல சில நூறு பேர்தான் போட்டாங்க. ஜனங்க ஏமாத்திட்டாங்கன்னு ஒரே பேச்சு. ரெண்டாவது தராசுக்கு இடம் குடுத்தப்போ கடன் கணக்கு என்னாகும்னு யாரும் கேக்கலியே, அதச் சொல்ல மாட்டேங்கறாங்க!

இன்னொண்ணு, அதே சீசன்ல உலகத்துல பஞ்சு விலை படுத்துக் கிடந்துச்சு. அமெரிக்காவுல விலை விழுந்தா கவர்மெண்ட் அந்த வித்தியாசத்த விவசாயிக்கு குடுக்கும், அவன் அடுத்த வருஷமும் தைரியமா போடுவான், விலை இன்னும் விழும். அதே விழுந்த விலையில கோகோ கடன அடைக்கணும்.

தம்பி கை காட்டுறார்… ஒரு நிமிஷம்பா. பிரேசில் 2002-ல உலக வர்த்தக அமைப்புல இந்த மானியத்துக்காக அமெரிக்கா மேல கேஸ் போட்டு ஜெயிச்சுச்சு, 2014-ல அமெரிக்கா 30 கோடி டாலர் குடுத்து முடிச்சுக்கிச்சு. வக்கீல் வைக்க வசதி இருந்த நாடு, வாங்கிடுச்சு. மாலி, பெனின், சாட், புர்கினா ஃபாசோ நாலு நாடும் 2003-ல சேர்ந்து அந்த மானியத்த நிறுத்தச் சொல்லி கேட்டாங்க, அது பெரிய கதை, இன்னொரு நாள் கூப்பிட்டா சொல்றேன். சரிப்பா, பாட்டு போடு. வணக்கம்.